பூட் ஆகாத மெஷினும் நான்கு விடைக் கேள்வியும்

தேர்வறையில் உங்கள் முன்னால் ஒரு லினக்ஸ் மெஷின் இருக்கிறது. அதன் ரூட் பாஸ்வேர்டு என்னவென்று சொல்லமாட்டார்கள். நீங்களே உள்ளே போக வேண்டும். மெஷினை ரீபூட் செய்து, பூட் மெனு திரையில் நிற்கும் சில விநாடிக்குள் ஒரு விசையைத் தட்டி நிறுத்தி, கெர்னல் வரியின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்து, அரைத்தூக்கத்தில் இருக்கும் அந்த மெஷினுக்குள் நுழைகிறீர்கள். டிஸ்க் அப்போது படிக்க மட்டும்தான் விடும். எழுதவும் விடும்படி அதை மாற்ற வேண்டும். பிறகு புதிய பாஸ்வேர்டு. அதோடு வேலை முடிந்தது என்று நினைத்து ரீபூட் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். பாஸ்வேர்டு ஃபைலின் மேல் ஒட்டியிருந்த அடையாளச் சீட்டு மாறிவிட்டதை எஸ்.இ.லினக்ஸ் என்ற காவல் அடுக்கு கண்டுகொள்ளும். சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் உள்ளே விடாது. எல்லா ஃபைல்களுக்கும் சீட்டை மறுபடி ஒட்டச் சொல்லி ஒரு வெற்று ஃபைலை உருவாக்கி வைத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகுகிறார்கள். அந்தத் தேர்வில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. நீங்கள் செய்த எதுவும் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும். புதிதாக ஒரு டிஸ்க் பகுதியை இணைத்தீர்கள், இப்போது வேலை செய்கிறது, ஆனால் அதை எழுதி வைக்கும் ஃபைலில் ஒரு எழுத்துப் பிழை என்றால் அடுத்த முறை மெஷின் எழுந்திருக்காது. எழாத மெஷினுக்கு மதிப்பெண் போட வழியில்லை. மற்ற வேலைகளை எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் அதோடு சரி. 300-க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. இணையம் கிடையாது, மெஷினுக்குள் இருக்கும் மேன் பேஜ் என்ற உதவிக் குறிப்புகள்தான் துணை.

இன்னொரு நிறுவனத்தின் இன்னொரு தேர்வில் இதே விஷயத்தைக் கேள்வியாகக் கேட்டு, கீழே நான்கு விடைகள் கொடுத்து, ஒன்றைத் தட்டச் சொல்வார்கள். இரண்டுக்கும் பெயர் சான்றிதழ்தான். ரெஸ்யூமேயில் இரண்டும் ஒரே அளவு எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். ஆள் எடுக்கும் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக சிஸ்டம் அட்மின் தொழிலைச் சுற்றி வளர்ந்திருக்கும் இந்தத் தேர்வுகள் எதை அளக்கின்றன, எதை அளக்காமல் விடுகின்றன என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிஸ்டம் அட்மின் வேலைக்குக் கட்டாயமான பட்டம் என்று ஒன்று ஒருபோதும் இருந்ததில்லை. மருத்துவத்துக்கு எம்.பி.பி.எஸ்., வழக்குரைஞருக்கு பார் கவுன்சில் என்பது போன்ற வாசல் இங்கே இல்லை. கணினி அறிவியல் பட்டத்தில் கம்பைலர் எழுதுவதைச் சொல்லித்தருவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நின்றுபோன மெயில் சர்வரை எப்படி எழுப்புவது என்று சொல்லித்தரமாட்டார்கள். அந்த இடைவெளியை நிறுவனங்கள் நிரப்பின. 1980-களின் இறுதியில் நாவெல் நிறுவனம் சி.என்.இ. என்ற சான்றிதழைக் கொண்டுவந்தது. அப்போது அலுவலகங்களில் ஃபைல்களையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ள நாவெலின் நெட்வேர்தான் பெரும்பாலும் ஓடியது. விற்ற சரக்கை நிறுவித் தரவும் பழுது பார்க்கவும் ஊர் ஊருக்கு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆட்களைத் தானே தயார்செய்வதைவிட, ஒரு தேர்வை வைத்து மற்றவர்களைத் தயாராகச் செய்வது நிறுவனத்துக்கு லாபம்.

இந்தத் தொடக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சான்றிதழ் தொழிலாளர்களின் சங்கத்திடமிருந்தும் வரவில்லை, பல்கலைக்கழகத்திடமிருந்தும் வரவில்லை. சரக்கு விற்றவரிடமிருந்து வந்தது. அதனால் அதன் ஆயுளும் சரக்கின் ஆயுளோடு கட்டுண்டது. நெட்வேர் சந்தையை இழந்ததும் சி.என்.இ.யும் அதோடு மதிப்பிழந்தது. அதற்காக மாதக்கணக்கில் படித்தவர்கள் மறுபடி முதல் வகுப்பிலிருந்து தொடங்கினார்கள்.

மைக்ரோசாஃப்ட் 1992-இல் தன் சான்றிதழ்த் திட்டத்தைத் தொடங்கியது. விண்டோஸ் என்.டி. 4.0 காலத்தில் எம்.சி.எஸ்.இ. ஆக ஆறு தேர்வுகள். விண்டோஸ் 2000 வந்தபின் ஏழு. 1990-களின் பிற்பாதியில் சென்னை வீதிகளில் நடந்தவர்களுக்கு அந்த நான்கு எழுத்துகள் நினைவிருக்கும். மாடிப்படிக்குப் பக்கத்தில் தொங்கிய பயிற்சி மையப் பலகைகளில் எல்லாம் அதுதான். டாட்-காம் அலையும் ஒய்2கே பயமும் சேர்ந்து ஆள் தேவையை ஏற்றிவிட்ட காலம். மூன்று மாதத்தில் சான்றிதழ், ஆறு மாதத்தில் வேலை என்று சொன்னார்கள். பலருக்குக் கிடைக்கவும் செய்தது. அந்தத் தலைமுறையின் முதல் பட்டதாரிக் குடும்பங்கள் பல அதில்தான் எழுந்து நின்றன. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அதே காலத்தில்தான் 'பேப்பர் எம்.சி.எஸ்.இ.' என்ற பழிச்சொல்லும் பிறந்தது. காகிதத்தில் மட்டும் என்ஜினியர், சர்வர் முன்னால் உட்கார வைத்தால் கை நடுங்கும் என்பது பொருள். அதற்குமுன் சி.என்.இ.க்களையும் இப்படித்தான் சொன்னார்கள். இந்த நிலைக்கு முக்கியக் காரணம் டம்ப்.

டம்ப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்வு எழுதிவிட்டு வந்தவர்கள் நினைவிலிருந்து கொட்டிய கேள்விகளும் விடைகளும் சேர்ந்த தொகுப்பு அது. கேள்வி வங்கியில் இருப்பவை சில நூறு கேள்விகளே. பத்துப் பேர் ஆளுக்கு முப்பது கேள்வியை நினைவில் வைத்துக்கொண்டால் வங்கியின் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். தமிழ்நாட்டில் படித்தவர்கள் இதைக் கோனார் உரையோடு ஒப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். அது கோனார் உரைக்குச் செய்யும் அநியாயம். உரை பாடத்தை விளக்குகிறது. டம்ப் வினாத்தாளைத் திருடித் தருகிறது. இதைச் சட்டமும் அப்படியே பார்த்திருக்கிறது: மைக்ரோசாஃப்ட் தேர்வுகளின் கேள்விகளை இணையதளம் வைத்து விற்ற ஒரு அமெரிக்கர், வணிக ரகசியத் திருட்டுக் குற்றத்தை 2002-இல் ஒப்புக்கொண்டார். ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை கிடைத்தது.

டம்ப் கெடுப்பது எழுதுகிறவரின் நேர்மையை மட்டும் என்று நினைக்க வேண்டாம். தேர்ச்சி மதிப்பெண்ணின் பொருளையே அது கெடுக்கிறது. தேர்ச்சிக்கோடு எப்படிப் போடப்படுகிறது என்று பலருக்குத் தெரியாது. பரவலாகப் பயன்படுவது ஆங்காஃப் என்பவர் பெயரால் வழங்கும் முறை. துறை வல்லுநர்கள் சிலர் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக எடுத்து, 'இந்த வேலைக்குக் குறைந்தபட்சத் தகுதி மட்டுமே உள்ள நூறு பேரிடம் இதைக் கேட்டால் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள்?' என்று மதிப்பிடுவார்கள். அந்த மதிப்பீடுகளின் சராசரியிலிருந்து கோடு பிறக்கிறது. பிறகு அதை ஓர் அளவுகோலில் பொருத்துவார்கள். மைக்ரோசாஃப்டில் 1000-க்கு 700 தேர்ச்சி என்பது எழுபது விழுக்காடு என்று பொருளாகாது. காம்ப்டியா என்ற அமைப்பின் ஏ-பிளஸ் தேர்வில் முதல் தாளுக்கு 100 முதல் 900 வரையிலான அளவில் 675, இரண்டாம் தாளுக்கு 700. இவ்வளவு கவனமாக இழைத்த கோடு, கேள்வி முன்கூட்டியே தெரிந்தவர் உட்கார்ந்ததும் அர்த்தமற்றுப் போகிறது. மனதில் வைத்த அந்த நூறு பேருக்கும் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் தொடர்பே இல்லை.

சரி, டம்ப் படிக்காமல் நேர்மையாகப் படித்துத் தேறியவர்? இங்கேதான் எனக்கு ஓர் அனுபவம் சொல்ல இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் லினக்ஸ் அட்மின் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு தம்பி வந்தார். மூன்று சான்றிதழ்கள். ஒரு மெஷினைக் கொடுத்து, 'டிஸ்க் ஃபுல் என்று அலாரம் வருது, பாருங்க' என்றேன். டிஸ்க்கின் மொத்தக் கணக்கைக் காட்டும் கமாண்டைப் போட்டார். நூறு விழுக்காடு நிறைந்திருந்தது. ஃபோல்டர் ஃபோல்டராகக் கூட்டிப் பார்க்கும் கமாண்டையும் போட்டார், பாதிகூட வரவில்லை. இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை என்பதைப் பார்த்தார், ஒரு நொடி தயங்கினார், பிறகு பழைய லாக் ஃபைல்களை அழிக்கத் தொடங்கினார். அழிக்க அழிக்க அலாரம் அப்படியே இருந்தது. 'ஏன் தம்பி அழிக்கிறீங்க?' என்றேன். 'ஸ்பேஸ் க்ளியர் பண்ணணும்ல சார்' என்றார்.

நிறுத்தச் சொல்லிவிட்டு வாய்மொழியாகக் கேட்டேன்: 'ஒரு ப்ராசஸ் திறந்து வைத்திருக்கும் ஃபைலை அழித்துவிட்டால் என்ன ஆகும்?' யோசிக்கவே இல்லை. 'ஸ்பேஸ் ரிலீஸ் ஆகாது சார், ப்ராசஸை ரீஸ்டார்ட் பண்ணணும்' என்றார். மிகச் சரியான விடை. அந்த மெஷினில் நடந்திருந்ததும் அதுவேதான். யாரோ ஒரு பெரிய லாக் ஃபைலை அழித்திருந்தார்கள். அதை எழுதிக்கொண்டிருந்த ப்ராசஸ் இன்னும் பிடியை விடவில்லை. விடை அவரிடம் இருந்தது. கேள்வியை நான் கேட்டபோதுதான் அது வெளியே வந்தது.

அந்தத் தம்பி ஏமாற்றுக்காரர் இல்லை. உண்மையாகப் படித்திருந்தார். வேலையில் கேள்வியை யாரும் எழுதித் தரமாட்டார்கள் என்பதற்கு மட்டும் அவர் எழுதிய எந்தத் தேர்வும் அவரைத் தயார் செய்யவில்லை. மெஷின் பேசாது. அலாரம் ஒன்று அடிக்கும், அல்லது அக்கவுன்ட்ஸ் பிரிவிலிருந்து 'சார், சிஸ்டம் ஸ்லோவா இருக்கு' என்று ஒரு போன் வரும். அதிலிருந்து கேள்வியைக் கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை.

ஆகவே இந்தத் தேர்வுகளை நான் மூன்று படிகளாகப் பார்க்கிறேன். விடை தெரியுமா என்று கேட்பவை. சொன்ன வேலையைச் செய்யத் தெரியுமா என்று கேட்பவை. என்ன கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரியுமா என்று கேட்பவை. முதல் படி மலிவானது. அதனால்தான் சந்தையில் அதிகம் கிடைக்கிறது.

மூன்றாம் படிக்குப் பழைய, அருமையான உதாரணம் சிஸ்கோவின் சி.சி.ஐ.இ. 1993-இல் தொடங்கியது. சிஸ்டம் அட்மினைவிட நெட்வொர்க்காரர்களுக்கான தேர்வுதான். ஆனால் இந்தத் துறையின் எல்லாத் தேர்வுகளும் அண்ணாந்து பார்த்தது அதைத்தான். முதலில் அது இரண்டு நாள் தேர்வு. கேபிளிலிருந்து தொடங்கி ஒரு முழு நெட்வொர்க்கை நீங்கள் கட்டுவீர்கள். இரண்டாம் நாள் நீங்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில், தேர்வாளர் உங்கள் நெட்வொர்க்குக்குள் புகுந்து அங்கங்கே கெடுத்து வைப்பார். திரும்பி வந்து என்ன கெட்டது என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். என் கருத்தில் இந்தத் தொழிலுக்காக மனிதர்கள் யோசித்த தேர்வுகளில் இதைவிட நேர்மையானது இல்லை. 2001-இல் அதை எட்டு மணி நேர ஒருநாள் தேர்வாகச் சுருக்கினார்கள். கூட்டம் பெருகியது, இரண்டு நாளுக்கு ஒருவர் என்று இடமும் ஆளும் ஒதுக்கக் கட்டுப்படியாகவில்லை.

ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.இ. 1999-இல் வந்தது, முதல் நாளிலிருந்தே செய்முறையை மையமாக வைத்து. அதன் தொடக்கக் காலத்தில் பழுது கண்டறிவதற்கென்றே தனிப் பகுதி இருந்தது. பின்னாளில் அந்தத் தனிப் பகுதி நீங்கியது. 2019-இல் வந்த எட்டாம் பதிப்பு முதல் ஆர்.எச்.சி.இ. என்பது முழுக்க ஆன்சிபிள் கருவியைக் கொண்டு பல மெஷின்களை ஒரே நேரத்தில் ஆள்வது பற்றிய தேர்வாகிவிட்டது. காலத்துக்கு ஏற்ற மாற்றம்தான். நூறு சர்வரை ஒவ்வொன்றாகத் திறந்து கட்டளை தட்டுபவரை இன்று யாரும் வேலைக்கு வைக்கமாட்டார்கள். இருந்தாலும் பழுது பார்க்கும் பகுதி போனது எனக்கு இழப்பாகவே படுகிறது.

அதே 1999-இல் கனடாவில் லினக்ஸ் புரொஃபெஷனல் இன்ஸ்டிட்யூட் தொடங்கியது. லாப நோக்கற்ற அமைப்பு, எந்த ஒரு நிறுவனத்தின் லினக்ஸையும் சாராதது. எல்.பி.ஐ.சி.-1 சான்றிதழுக்கு இரண்டு தாள். ஒவ்வொன்றிலும் 60 கேள்விகள், 90 நிமிடங்கள். எழுத்துத் தேர்வுதான். ஆனால் சில கேள்விகளில் விடைப் பட்டியலே இருக்காது. கமாண்டை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். உலகம் முழுக்க, குறைந்த செலவில், எந்த ஊர்த் தேர்வு மையத்திலும் நடத்த வேண்டுமென்றால் செய்முறைத் தேர்வு சாத்தியமில்லை என்று அவர்கள் எடுத்த முடிவை நான் குறைசொல்லமாட்டேன். அதன் பாடத்திட்டம் இலவசமாகக் கிடைக்கிறது, மிக ஒழுங்காக எழுதப்பட்டது. தேர்வே எழுதாவிட்டாலும் அந்தப் பட்டியலை முன்னால் வைத்து லினக்ஸ் கற்கலாம்.

செய்முறைத் தேர்வைத் தொடர்ந்து நடத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு அமேசானின் சிஸ்ஆப்ஸ் என்ற கிளவுட் நிர்வாகத் தேர்வு சாட்சி. 2021-இல் வந்த பதிப்பில் எழுத்துக் கேள்விகளோடு செய்முறைப் பகுதியையும் சேர்த்தார்கள். 2023 மார்ச்சில் அந்தச் செய்முறைப் பகுதியை எடுத்துவிட்டார்கள். உலகின் மிகப் பெரிய கிளவுட் நிறுவனத்துக்கே தேர்வறையில் உண்மையான மெஷினைத் தொடர்ந்து கொடுப்பது எளிதாக இல்லை.

நம்பிக்கை தருவது, கன்டெய்னர்களை ஆளும் குபர்நெட்டிஸ் கருவியின் நிர்வாகிகளுக்கான சி.கே.ஏ. லினக்ஸ் ஃபவுண்டேஷனும் அதன் கீழுள்ள சி.என்.சி.எஃப். அமைப்பும் 2017-இல் அதைத் தொடங்கின. இரண்டு மணி நேரம், முழுக்கச் செய்முறை, 66 விழுக்காடு தேர்ச்சி, தவறினால் ஒருமுறை இலவசமாக மறுபடி எழுதலாம். குபர்நெட்டிஸின் அதிகாரபூர்வ ஆவணங்களைத் தேர்வின்போதே திறந்து படிக்கலாம். பாடத்திட்டத்தில் பழுது கண்டறிதலுக்கு மட்டும் 30 விழுக்காடு. மூன்றாம் படி திரும்பி வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. மைக்ரோசாஃப்டும் 2023-இல் பல தேர்வுகளில் தன் ஆவணத் தளத்தைத் திறந்து பார்க்க அனுமதித்தது. வேலையில் யாரும் மனப்பாடமாகக் கட்டளை போடுவதில்லை. எங்கே தேடுவது என்று தெரிந்தவர்தான் வேகமாக முடிக்கிறார். அதைத் தேர்வு ஒப்புக்கொண்டது நல்ல திருப்பம்.

எந்தப் படியிலும் வராத சில விஷயங்களும் இருக்கின்றன. 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது இந்தத் தொழிலில் எல்லோரும் படிக்க வேண்டிய பாடம். சோர்ந்திருந்த ஓர் என்ஜினியர், இரண்டாம் நிலை டேட்டாபேஸ் சர்வரில் இருப்பதாக நினைத்து, முதன்மைச் சர்வரில் அழிக்கும் கட்டளையைப் போட்டுவிட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சியது. பேக்கப் இருக்கிறதே என்று போனால், அவர்கள் வைத்திருந்த ஐந்து விதமான பேக்கப் வழிகளில் ஒன்றுகூட நம்பும்படி இல்லை. ஒன்று, பதிப்பு ஒத்துப்போகாததால் நாள்கணக்கில் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மெயில்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டுவிட்டன. கடைசியில் அந்த என்ஜினியரே ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. நடந்ததை மறைக்காமல் முழுவதுமாக வெளியிட்டார்கள். அந்த என்ஜினியரைப் பலிகொடுக்கவும் இல்லை.

பேக்கப் எடுப்பது எப்படி என்று பல தேர்வுகள் கேட்கின்றன. 'கடைசியாக எப்போது ரீஸ்டோர் செய்து பார்த்தாய்?' என்று எந்தத் தேர்வும் கேட்க முடியாது. கட்டளை போடும்முன் எந்த மெஷினில் நிற்கிறோம் என்று ஒரு தடவை பார்க்கும் பழக்கத்தையும், தப்பு செய்தால் உடனே சொல்லும் துணிவையும் அளக்கும் தேர்வு இல்லை. எழுதி வைக்கும் ஒழுங்கையும் எந்தத் தேர்வும் அளப்பதில்லை. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு எளிமையானது: சேஃப் மோடில் பூட் செய்து ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான மெஷின்களில் ஒவ்வொன்றாக, கையால். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயையும் தேட வேண்டும். அந்தச் சாவிகளை ஒழுங்காக எழுதி வைத்திருந்த அட்மின்கள் இருந்த அலுவலகங்கள் அன்று முதலில் எழுந்தன.

நிறுவனங்களுக்கு வெளியிலிருந்தும் ஒரு முயற்சி நடந்தது. யூஸ்நிக்ஸ் சங்கத்தின் கீழ் இயங்கிய சேஜ் என்ற சிஸ்டம் அட்மின் அமைப்பு 2000-களின் தொடக்கத்தில், எந்த நிறுவனத்தையும் சாராத ஒரு சான்றிதழைக் கொண்டுவர முயன்றது. தொழில் செய்பவர்களே தொழிலின் அளவுகோலை வகுக்கும் முயற்சி. அது நிலைக்கவில்லை. சரக்கு விற்பவர் பின்னால் இல்லாத அந்தச் சான்றிதழை ஆள் எடுப்பவர்கள் கேட்டுப் பெறவில்லை. சான்றிதழுக்கான தேவை எங்கிருந்து வருகிறது என்பதை இது காட்டுகிறது. பெரிய நிறுவனங்களின் பார்ட்னர் என்ற தகுதியைப் பெற, இத்தனை சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் வேண்டும் என்று விதி இருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2005-இல் வெளியிட்ட கையேடு, அதன் கணினிகளை நிர்வகித்துப் பாதுகாக்கும் பணியாளர்களுக்கு காம்ப்டியாவின் செக்யூரிட்டி-பிளஸ் போன்ற சான்றிதழ்களைக் கட்டாயமாக்கியது. காம்ப்டியா தேர்வுகளின் நிலையான கூட்டத்துக்கு அது ஒரு பெரிய காரணம்.

காலாவதி பற்றியும் ஒரு வார்த்தை. ஏ-பிளஸ் 2010 வரை வாழ்நாள் சான்றிதழாக இருந்தது. 2011 முதல் மூன்றாண்டு. ரெட் ஹேட் மூன்றாண்டு, எல்.பி.ஐ. ஐந்தாண்டு. சி.கே.ஏ. மூன்றிலிருந்து 2024-இல் இரண்டாண்டாகக் குறைந்தது. தொழில்நுட்பம் மாறுகிறது, சான்றிதழும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது நியாயம். ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணத்தையும் மறுபடி வாங்குவது நியாயமாகத் தெரியவில்லை. மைக்ரோசாஃப்ட் 2001-இல் என்.டி. 4.0 சான்றிதழ்களை ஆண்டு இறுதியோடு செல்லாதவை ஆக்கப்போவதாகச் சொல்லி, எதிர்ப்புக்குப் பின் அக்டோபரில் பின்வாங்கியது. இன்று அதே நிறுவனம் அஷ்யூர் அட்மின் போன்ற சான்றிதழ்களுக்கு ஓராண்டு ஆயுள் வைத்து, புதுப்பிக்கும் தேர்வை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஆயுள் குறைவு, செலவு இல்லை. மற்றவர்களும் இந்த வழிக்கு வர வேண்டும். நானூறு ஐந்நூறு டாலர் அளவிலான கட்டணம் விருதுநகரிலிருந்தோ வந்தவாசியிலிருந்தோ எழுதும் ஒரு பிள்ளையின் வீட்டில் எத்தனை மாதச் செலவு என்று யோசித்துப் பாருங்கள்.

நம் பிள்ளைகளுக்கு வேறு சில சிக்கல்களும் உண்டு. பதிவுப் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று கேட்கும். ஆதாரில் கார்த்திகேயன் எஸ், பாஸ்போர்ட்டில் கார்த்திகேயன் செல்வராஜ், படிவத்தில் எஸ். கார்த்திகேயன். பதிவில் உள்ள பெயரும் காட்டும் அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் தேர்வறைக்குள் விடமாட்டார்கள், கட்டணமும் திரும்ப வராது. பணம் கட்டும்முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே எழுதும் தேர்வென்றால் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, மேசை காலியாக இருக்க வேண்டும், கேமராவைச் சுற்றிக் காட்ட வேண்டும். ஒரே ஹால் உள்ள வீட்டில், மின்தடை வரும் ஊரில், இது சின்ன விஷயம் இல்லை. இந்தத் தேர்வுகள் எதையும் தமிழில் எழுதவும் முடியாது.

இதற்கெல்லாம் நம்மிடமே ஒரு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் பல காலமாகத் தட்டச்சுத் தேர்வு நடத்துகிறது. ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45. தட்டச்சுப் பொறியின் பாகங்களைச் சொல் என்று யாரும் கேட்டு அனுப்பிவிடுவதில்லை. பொறி முன்னால் உட்கார வேண்டும், மணி அடித்ததும் தட்ட வேண்டும், பிழைக்கு மதிப்பெண் போகும். லோயர், ஹையர் முடித்தவர் என்றால் அவருக்குத் தட்டச்சு தெரியும் என்பதில் எந்த அலுவலகத்துக்கும் சந்தேகம் வந்ததில்லை. அதே இயக்ககம் அலுவலகப் பணிக்கான கணினிச் சான்றிதழ்த் தேர்வையும் நடத்துகிறது. அதில் எழுத்துத் தேர்வோடு செய்முறையும் உண்டு. கிராமத்துப் பிள்ளைகள் கட்டக்கூடிய கட்டணத்தில், மாவட்டந்தோறும் மையம் வைத்து, ஒரு கைவேலைத் திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும் அமைப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரிகளுக்குள் திறன் பயிற்சியைக் கொண்டுபோயிருக்கிறது. கணியம் இதழும் அதைச் சார்ந்தவர்களும் எளிய தமிழில் லினக்ஸ் நூல்களை இலவசமாகத் தருகிறார்கள். இவற்றைச் சேர்த்து, தமிழ் வினாத்தாளுடன், கட்டற்ற லினக்ஸில், ஒரு சிஸ்டம் அட்மின் செய்முறைத் தேர்வை அரசு நடத்த முடியும். பாதித் தேர்வு கட்டுவதற்கு, பாதி கெடுத்து வைத்த மெஷினைச் சரிசெய்வதற்கு. பள்ளிகள், மருத்துவமனைகள், மாவட்ட அலுவலகங்கள் என்று நம் ஊர்களில் ஓடும் சர்வர்களுக்கு இப்படித் தேறியவர்கள் வேண்டும்.

அதுவரை படிக்கிறவர்களுக்கு: எட்டு ஜிபி ரேம் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும். விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். ரெட் ஹேட்டின் லினக்ஸையே தனிநபர்கள் 16 மெஷின்கள் வரை பணம் கட்டாமல் பயன்படுத்தலாம்; ஆல்மா, ராக்கி என்ற மாற்றுகளும் உண்டு. இரண்டு மெஷின்களை எழுப்புங்கள். நண்பர் ஒருவரை உட்கார வைத்து, நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒன்றைக் கெடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் அவருடையதைக் கெடுங்கள். ஆறு மாதம் இப்படிச் செய்துவிட்டு, பணம் இருந்தால் ஒரே ஒரு செய்முறைத் தேர்வு எழுதுங்கள். நான்கைந்து எழுத்துத் தேர்வுகளுக்கு அதே பணத்தைப் பிரித்துக் கட்ட வேண்டாம்.

அந்தத் தம்பியை நாங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டோம். விடைகள் எல்லாம் அவரிடம் இருந்தன; கேள்வியைத் தேடப் பழக ஓராண்டு ஆயிற்று. பிறகு ஆள் எடுக்கும்போது மெஷினைக் கெடுத்து வைக்கும் வேலையை அவரிடமே கொடுத்தேன்.

ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். ரெஸ்யூமேயில் எத்தனை சான்றிதழ் என்று எண்ணாதீர்கள். சான்றிதழ் இல்லாதவரை அதற்காகவே ஒதுக்கவும் வேண்டாம். அவர் முன்னால் பூட் ஆகாத ஒரு மெஷினை வைத்து, மேன் பேஜைத் திறந்துகொள்ளச் சொல்லி, அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.